டாக்டர் என்ன சொன்னார்?

வேலூர் லாங் பஜாரில் ஒரு சரக்குக்கு ஒரே விலைதான் என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துகொள்ளலாம். குடியாத்தத்திலிருந்து வந்து மூட்டைக் கணக்கில் வாங்குகிறவருக்கு ஒரு விலை. கால் கிலோ கேட்டு வருகிற அம்மாளுக்கு ஒரு விலை. "அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொல்லிப் போகிற பழைய வாடிக்கைக்கு இன்னொரு விலை. இதில் மோசடி ஒன்றும் இல்லை. கேட்கிறவர் யார், எதற்காகக் கேட்கிறார், பதிலை எடுத்துக்கொண்டு எங்கே போவார் என்று பார்த்துச் சொல்லுவதற்குத்தான் வியாபாரம் என்று பெயர்.

நோயின் பெயரையும் நாம் அப்படித்தான் சொல்லுகிறோம் என்பதை அந்தக் கடைத்தெருவில் ஒரு புளி மண்டியில் உட்கார்ந்துதான் கண்டுகொண்டேன்.

மண்டிக்காரர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கீழே மண்டி, மாடியில் வீடு. அவருடைய பேரனுக்கு அப்போது 9 வயது. நல்ல பிள்ளை, முகத்தில் பால் வடியும். ஆனால் ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டான். மண்டிக்குள் வந்தால் முதலில் தராசுத் தட்டில் ஏறுவான்; அதிலிருந்து மூட்டை அடுக்கின் மேல்; அங்கிருந்து ஒரே தாவலில் தெருவுக்கு. தெருவிலோ கைவண்டியும் ஆட்டோவும் மினி லாரியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். யாராவது ஒருவர் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு பென்சில் தொலைந்தது. ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னான். பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போனான். ஆசிரியை சொல்லி, தாய் கெஞ்சி, ஒருவழியாகக் குழந்தைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனார்கள். அவர் மூன்று நான்கு தடவை பார்த்தார். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு காகிதம் அனுப்பிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு பெயர் சொன்னார். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து: ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிலைக்காததும், உடம்பு ஓயாமல் துடிப்பதும், யோசிக்குமுன் செய்துவிடுவதும் சேர்ந்த ஒரு குறைபாடு. மூளை வளருகிற விதத்திலே உள்ள வித்தியாசம் அது. பிள்ளையின் திமிரும் அல்ல, வளர்த்தவர்களின் குற்றமும் அல்ல.

இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு குடும்பம் வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் மண்டியில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்து பேரனைப் பற்றி விசாரித்தார்கள்.

முதலில் வந்தவர் பையனின் ஆசிரியை. மிளகாய் வாங்க வந்தவர், "டாக்டர் என்ன சொன்னாருங்க ஐயா?" என்று கேட்டார். நண்பர் எழுந்தே நின்றுவிட்டார். "நல்ல டாக்டருங்க டீச்சர். பையனுக்கு மூளை கொஞ்சம் வேகம் ஜாஸ்தியாம். முன்பெஞ்சியில குந்த வைக்கச் சொன்னாரு. பரீட்சை நேரத்துல நீங்கதான் கொஞ்சம் பார்த்துக்கணும்" என்றார். மிளகாயில் நூறு கிராம் கூடவே விழுந்தது.

அடுத்து வந்தவர் குடியாத்தத்து உறவினர். நண்பரின் கடைசிப் பெண்ணுக்கு அவர் மூலமாக ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்களாமே?" என்றார். "சளிதான் மச்சான். டானிக் எழுதிக் குடுத்தாங்க" என்றார் நண்பர், சோடா வாங்கிவரப் பையனை அனுப்பிக்கொண்டே.

மூன்றாவதாக வந்தது, வீடு வீடாகச் சுகாதாரக் கணக்கு எடுக்கிற ஓர் இளம்பெண். "வீட்டில் குழந்தைகளுக்கு ஏதாவது நோய் இருக்கிறதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா ஐயா?" என்று கேட்டாள். "ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்று பதில் வந்தது. அவள் ஒரு கட்டத்தில் குறி போட்டுக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நான் நண்பரைப் பார்த்தேன்.

"என்னப்பா பார்க்கறே? மூணு பேர்கிட்டயும் நான் பொய் சொல்லல" என்றார் அவர். "வேகம்னு டாக்டர் சொன்னது நிஜம். டானிக்கும் ஒண்ணு எழுதினாரு, அதுவும் நிஜம். அந்தப் பொண்ணு நோய் இருக்கான்னுதானே கேட்டுது? 'இதை ஒரு நோயா நினைக்காதீங்க'ன்னு டாக்டரேதான் சொல்லியிருக்காரு."

வக்கீலுக்குப் படிக்க வேண்டிய மனிதர் புளி விற்றுக்கொண்டிருக்கிறார்!

ஆசிரியைக்குச் சொன்னது பையனுக்கு முன்பெஞ்சு வாங்கித் தந்தது. உறவினருக்குச் சொன்னது ஒரு கல்யாணப் பேச்சைக் காப்பாற்றியது. மூன்றாவது பதில்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தப் பெண் போட்ட குறி எங்கோ போய்ப் பல்லாயிரம் குறிகளோடு சேர்ந்து, இந்த ஊரில் இத்தனை குழந்தைகளுக்கு இன்ன குறை, இத்தனை பேருக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கணக்காக மாறும். அந்தக் கணக்கைப் பார்த்து யாரோ ஒருவர் இந்தப் பக்கத்துக்கு எத்தனை டாக்டர் வேண்டும், எத்தனை ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்று தீர்மானிப்பார். நண்பரின் பேரன் அந்தக் கணக்கில் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கணக்கு முழுவதுமே பெற்றோர் வாய்ச்சொல்லின் மேல்தான் நிற்கிறது. "இந்தக் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாக டாக்டரோ வேறு மருத்துவப் பணியாளரோ எப்போதாவது உங்களிடம் சொன்னதுண்டா?" என்று ஒரு கேள்வி. 2003-இல் இப்படிக் கேட்டபோது 4 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 100-க்கு 7.8 பேர் என்று வந்தது. 2007-இல் 9.5. 2011-இல் 11. 2022-இல் 3 முதல் 17 வயது வரை எடுத்துக்கொண்டு, 100-க்கு 11.4 பேர், அதாவது 71 லட்சம் குழந்தைகள் என்றார்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கையை அப்பா அம்மா சொன்னதை மட்டும் நம்பி எழுதலாமா என்ற சந்தேகம் அவர்களுக்கும் வராமல் இல்லை. 2013-இல் அந்நாட்டு அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்தவர்கள் பெற்றோர் சொன்ன கணக்கை மற்றக் கணக்குகளோடும் இன்ஷூரன்ஸ் பதிவுகளோடும் வைத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய ஒத்துத்தான் போயிற்று.

இதைப் படித்ததும், "அங்கே எல்லாரும் அரிச்சந்திரர்கள் போலிருக்கிறது" என்று நண்பர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே பெயரோடு காகிதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மருந்துச் சீட்டு, இன்ஷூரன்ஸ் பில், பள்ளிக்கூடத்தில் எழுத்து மூலமான சலுகை என்று பெயர் அடிக்கடி வீட்டுக் கதவைத் தட்டுகிறது. மறப்பது கஷ்டம். மறைத்தால் நஷ்டம். லாங் பஜாரில் நிலைமை நேர் தலைகீழ். சொன்னால் நஷ்டம், மறந்தால் நிம்மதி. மனிதர்களின் உண்மை உணர்ச்சி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சந்தை நிலவரம்தான் வேறு.

நம் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆய்வாளர்கள் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்பதில்லை. பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்கிறார்கள். கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிக்கூடங்களில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 குழந்தைகளைப் பற்றி, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேள்வித்தாள் கொடுத்து நிரப்பி வாங்கிய ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. 100-க்கு 11.32 பேரிடம் இந்தக் குறைபாடு தெரிந்தது என்றார்கள். ஏழைக் குடும்பங்களில் 16.33, நடுத்தரக் குடும்பங்களில் 6.84. கேள்வித்தாளில் விழுகிற மதிப்பெண் வேறு, டாக்டர் நேரில் பார்த்துச் செய்கிற முடிவு வேறு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அதே பெற்றோர்களிடம் அமெரிக்கக் கேள்வியைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் "ஆம், டாக்டர் சொன்னார்" என்றிருப்பார்கள்? ஒரு கை விரல்களே போதுமாயிருந்திருக்கும் என்பது என் ஊகம். பெரும்பாலோர் டாக்டரிடம் போயே இருக்க மாட்டார்கள். போனவர்களில் பாதிப் பேருக்கு அவர் சொன்னது காதில் விழுந்திருக்காது. காதில் விழுந்தவர்களில் பாதிப் பேர் என் நண்பரைப் போல வக்கீலாகியிருப்பார்கள்.

சரி, பெயரை விட்டுவிட்டுப் பிள்ளை செய்கிறதைக் கேட்டால் மட்டும் பெற்றோர் சொல்லுவது தவறாமல் இருக்குமா? அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1987-இல் ஆக்கன்பாக் என்ற மனநூல் அறிஞரும் அவருடைய தோழர்களும், ஒரே குழந்தையைப் பற்றிப் பலரைக் கேட்ட 119 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். முழு ஒற்றுமைக்கு 1 என்று வைத்தால், தாயும் தந்தையும் போல ஒரே நிலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குள் ஒற்றுமை சராசரி 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வேறு வேறு நிலையில் இருப்பவர்களுக்குள் 0.28. ஒரே பிள்ளைதான், ஆனால் வீட்டில் பார்த்தவருக்கு ஒருவன், பள்ளிக்கூடத்தில் பார்த்தவருக்கு வேறொருவன். கதை எழுதுகிறவனுக்கு இது ஆச்சரியம் அல்ல. ஒரே சண்டையை மாமியார் சொல்லி ஒரு அத்தியாயமும் மருமகள் சொல்லி ஒரு அத்தியாயமும் எழுதிப் பிழைப்பவன் அவன்.

டாக்டர்களும் இதை அறிந்துதான் தங்கள் விதியை வகுத்திருக்கிறார்கள். கவனக் குறைவுக்கு ஒன்பது அடையாளம், துடிப்புக்கு ஒன்பது அடையாளம். குழந்தையாயிருந்தால் ஏதாவது ஒரு வரிசையில் ஆறாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சிலவாவது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு இடங்களிலாவது காண வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் போதாது. பள்ளிக்கூடத்தில் மட்டும் என்றாலும் போதாது. ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது என்ற நியாயம்தான் இது.

என் நண்பரின் வீட்டில் சாட்சிகளுக்குக் குறைவில்லை. பையனின் தகப்பனார் விடிந்ததும் மண்டிக்கு இறங்கி, லாரி லோடு முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் மாடி ஏறுகிறவர். "எனக்கு அவன் ஒண்ணும் சேட்டை பண்றதா தெரியல சார். அமைதியாத்தான் இருக்கான்" என்று அவர் டாக்டரிடம் சொன்னார். சத்தியமான வாக்குமூலம். அவர் பார்க்கிற நேரத்தில் பையன் தூங்கிக்கொண்டிருக்கிறான். பாட்டி, "எந்தப் பிள்ளைதான் சும்மா குந்தும்? இவன் அப்பன் இதைவிட வாலு" என்றாள். இதுவும் அலட்சியப்படுத்தக் கூடிய சாட்சி அல்ல. குடும்ப வழியாக வருவது இந்தக் குறைபாட்டில் அதிகம் என்பதால், டாக்டர் அந்த வரியைத்தான் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாராம். தாத்தாவோ, "செல்போனைக் குடுத்தா ரெண்டு மணி நேரம் அசையாம குந்தறானே, அப்போ கவனம் எங்கேயிருந்து வந்தது?" என்று குறுக்கு விசாரணை செய்தார். கவனமே இல்லாத பிள்ளைகள் அல்ல இவர்கள். அதை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு நிறுத்தத்தான் இவர்களால் முடிவதில்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

வீட்டாரின் கண்ணை நம்பித்தான் வைத்தியம் நடக்க வேண்டும் என்பது வேலூருக்குப் பழக்கமான கொள்கை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி வளர்ந்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகி, 1957-இல் ஊருக்கு வெளியே பாகாயத்தில் ஒரு மனநல மையத்தையும் திறந்தது. மனநோயாளி என்றால் உறவினர் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போகிற இடம் என்று நாடு முழுவதும் நினைத்திருந்த காலத்தில், அங்கே நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சமைத்துப் போடுவதற்கு மட்டும் அல்ல. பார்ப்பதற்கும், பார்த்ததைச் சொல்வதற்கும், வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன செய்வது என்று தெரிந்துகொள்வதற்கும்தான்.

பார்த்ததைச் சொல்லும் கலையில் மண்டிக்காரரின் மருமகளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் பி.காம். படித்தவள், மண்டிக் கணக்கு அவள் கையில். டாக்டர், "இந்த வாரம் எப்படி இருந்தான்?" என்று கேட்கும்போதெல்லாம் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் "எப்பவும் இப்படித்தான்", "ஒரு நாளும் சொன்ன பேச்சுக் கேட்டதில்லை" என்று சொல்லுவதைப் பார்த்தாள். கணக்குப் பிள்ளைக்கு "எப்பவும்" என்ற சொல் பிடிக்காது. கம்ப்யூட்டர் வந்த பிறகு பரணில் கிடந்த சிவப்புத் துணி அட்டைப் பேரேடு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். வரவு, பற்று என்று கோடு போட்ட பக்கங்களில் பையனைப் பற்றி நாள்வழி எழுத ஆரம்பித்தாள். சில வரிகளைப் படிக்க எனக்கும் அனுமதி கிடைத்தது.

திங்கள்: காலை 7.10-க்குப் பல் துலக்கப் போனான். 7.35-க்கு நான் போய்க் குழாயை மூடினேன். எறும்பு வரிசை பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்: 12 வரி எழுத வேண்டும். 5-ஆவது வரியில் எழுந்தான். 6-ஆவது வரியில் தண்ணீர். 8-ஆவது வரியில் பூனை. 9-ஆவது வரியில் நான் அடித்தேன்.

வெள்ளி: தாத்தாவோடு மண்டியில் 40 நிமிஷம் எடைக்கல் அடுக்கினான். எழுந்திருக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை வரியின் கடைசி மூன்று சொற்களை எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! டாக்டர் அந்தப் பேரேட்டை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "இதைவிட நல்ல ரிப்போர்ட் எனக்கு வராது" என்றாராம். அதில் நோயின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. ஆனால் காலை நேரம் மோசம், எழுத்து வேலை மோசம், கையால் எடுத்து வைக்கிற வேலை நன்றாக வருகிறது, அடித்த நாளுக்கு மறுநாள் இன்னும் மோசம் என்பதெல்லாம் கணக்கைப் போல அப்பட்டமாகத் தெரிந்தது. 12 வரியை மூன்று மூன்றாகப் பிரித்து எழுத வைக்கச் சொன்னார் டாக்டர். பள்ளிக்கூட நாட்களுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். தாத்தாவின் அகராதியில் அதற்கும் பெயர் டானிக்தான்.

அன்றன்றைக்கு எழுதி வைத்தால்தான் இப்படி. நினைவை நம்பினால் கதை வேறு. நியூஸிலாந்து நாட்டு டனீடன் நகரத்தில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த 1,037 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். சிறு வயதில் இந்தக் குறைபாடு இருந்ததென்று ஆய்வாளர்கள் குறித்து வைத்திருந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, அவர்களுடைய பெற்றோரிடம் பழைய நாளைப் பற்றிக் கேட்டார்கள். பெரும்பாலோருக்கு நினைவில்லை. "அப்படி ஒன்றும் இல்லையே, நல்ல பையனாகத்தானே இருந்தான்" என்பது போன்ற பதில்தான். வளர்ந்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆகிவிட்ட பிள்ளையைப் பற்றித் தாய்க்கு வேறு எப்படி நினைவிருக்கும்?

நினைவுகூட வேண்டாம். பிள்ளை பிறந்த தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். என் தலைமுறைக்காரர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சர்ட்டிபிகேட்டைக் காட்டச் சொன்னால், நாலைந்து பேராவது ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். நட்சத்திரப்படி அவர்கள் ஐப்பசியிலும் தையிலும் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத் திண்ணையில் வாத்தியார், "வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடு" என்பார். தொட்டுவிட்டால் வயது ஐந்து. தகப்பனார் வாயில் வந்த தேதி சர்க்கார் ஏட்டில் ஏறிவிடும். இந்தச் சின்னப் பொய்க்கும் நம் விஷயத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், டிசம்பர் 31-ஐ எல்லையாக வைத்துப் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆகவே டிசம்பரில் பிறந்தவன் வகுப்பிலேயே இளையவன். ஜனவரியில் பிறந்தவன் மூத்தவன். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜனவரிப் பையன்களைவிட டிசம்பர்ப் பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் விழுவது 30 சதவீதம் அதிகம் என்றும், பெண்களில் 70 சதவீதம் அதிகம் என்றும் கண்டார்கள். கூட உட்கார்ந்திருப்பவனைவிடப் பதினொரு மாதம் சிறியவன் கொஞ்சம் கூடுதலாகத் துள்ளத்தான் செய்வான். காதைத் தொட்டு முன்கூட்டியே வகுப்பில் ஏறிய நம் ஜூன் மாதத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படி அடி வாங்கியிருப்பார்கள் என்று யார் கணக்கெடுப்பது?

நண்பரின் பேரனுக்கு ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்கூடம் பார்க்கவேண்டி வந்தபோது சச்சரவு முற்றியது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: மாணவருக்கு ஏதேனும் உடல், மன நோயோ சிகிச்சையோ உண்டா? "இல்லை என்று போடு" என்றார் தாத்தா. "மாத்திரை சாப்பிடுகிறானே, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால்?" என்றாள் தாய். நான் தாத்தாவை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். 1794-இல் தோன்றிய ஓர் ஆஸ்பத்திரி இருக்கிற காரணத்தால், சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பேட்டையின் பெயரையே வசைமொழியாக்கிவிட்டவர்கள் நாம். மனம் என்ற சொல் ஒரு காகிதத்தில் ஏறினால் அது எங்கெல்லாம் போகும் என்று அந்த வயதான வியாபாரி கணக்குப் பார்க்கிறார். எதிர்ப்பக்கத்தில் வரவு வைப்பதற்கு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 குறைபாடுகளின் பெயர்கள் உண்டு. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது; ஏ.டி.எச்.டி. தனிப் பெயராக இல்லை. அதனால்தானோ என்னவோ, இரண்டு குறையும் உள்ள பிள்ளைகளின் பெற்றோரில் சிலர் கற்றல் குறைபாட்டை மட்டும் வாய்விட்டுச் சொல்லி மற்றதை விழுங்கிவிடுகிறார்கள். செல்லுகிற நாணயத்தைத்தானே கல்லாவில் வீசுவார்கள்?

கடைசியில் அந்தக் கட்டத்தில் மருமகள் எழுதியது இது: "கவனத்துக்காக டாக்டரின் யோசனைப்படி பயிற்சியும் மருந்தும் நடக்கின்றன. விவரத்துக்குத் தாயாரை நேரில் கேட்கவும்." இருபது வருஷமாக எழுதிப் பிழைக்கிற எனக்கு அப்படி ஒரு வாக்கியம் அமைந்ததில்லை. உண்மையும் இருந்தது; பெயரும் இல்லை; மாமனாரும் கையெழுத்துப் போட்டார். புதிய பள்ளிக்கூடத்தில் ஒருவர் தாயாரை நேரில் கூப்பிட்டுக் கேட்கவும் செய்தார். அவள் பேரேட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பேரேடு எழுத மருமகளுக்கு நேரம் இருந்தது. அது இல்லாத தாயும் உண்டு. அந்த டாக்டரின் வராந்தாவில் நண்பருக்குத் துணையாக ஒரு நாள் காத்திருந்தபோது பக்கத்தில் ஆம்பூரிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி வேன் வந்துவிடும், திரும்பும்போது இருட்டிவிடும். மகனுக்கு 8 வயது. பகல் முழுவதும் அவனை வைத்துக்கொள்வது அவள் தாய். காலையில் வாசலில் இட்லி விற்கிறவள்.

"டாக்டர் என்ன சொன்னாரும்மா?" என்று நானும் ஊர் வழக்கப்படி கேட்டு வைத்தேன்.

அவள் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். "பேரு இதுல கீது சார். எனக்கு வாயில வரல. டி-ன்னு முடியும்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பாடம் எழுதறப்போ எவ்ளோ நேரம் குந்துவான்னு டாக்டர் கேட்டாரு. தெரியாதுங்கன்னு சொல்லிட்டேன். நான் எங்கே பார்த்தேன்? எங்கம்மாவைக் கேக்கணும்."

தெரியாது என்று சொன்ன பெற்றோரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர், அடுத்த முறை பாட்டியை அழைத்து வரச் சொல்லியிருந்தார். அவளுக்கு அதுதான் கவலை. ஒரு நாள் சம்பளம் போகும். அம்மாவின் ஒரு நாள் இட்லி வியாபாரமும் போகும். "கம்பெனியில் என்ன சொல்லி லீவு வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "எனக்கு வயித்து வலின்னு சொன்னேன். புள்ள பேரை எதுக்கு சார் இழுக்கணும்?" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அதே பெஞ்சியில் பாட்டி உட்கார்ந்திருந்தாள். பேரன் ஒரு தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்; அவன் ஒவ்வொரு சுற்று வரும்போதும் பாட்டியின் கை தானாக நீண்டு அவன் முதுகைத் தொட்டு மீண்டது. மகள் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னாள். பாட்டி என் ஜிப்பாவையும் மூக்குக் கண்ணாடியையும் பார்த்தாள்.

"நீ யாரு சாமி? சின்ன டாக்டரா?"

"இல்லை அம்மா. பத்திரிகையிலே கதை எழுதுகிறவன்."

பாட்டி என்னை மறுபடி ஏற இறங்கப் பார்த்தாள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"அப்போ எழுதிக்கோ. எம் பேரன் தங்கமான புள்ள. ஒரு கொறையும் கெடையாது."

உள்ளேயிருந்து மணி அடித்தது. பாட்டி எழுந்து, ஓடி வந்த பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரின் அறைக்குள் போனாள். அரை மணி நேரத்துக்குக் கதவு திறக்கவே இல்லை.